குருமார் எழுதிய சுயசரிதைகளை எப்படிப் படிப்பது? பினாங்கு வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் மாதம் இரண்டு ஞாயிறு கூடிப் படிக்கிறோம். ஒன்பது பேர் வருவோம்; மழை பெய்தால் நாலு பேர். ஆன்மிக ஆசிரியர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய நூல்களைத்தான் மூன்று வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பதில் தட்டித் தட்டி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பண்டிதன் இல்லை, கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சுயசரிதை எதுக்கு அண்ணே? நேரா கீதையோ திருவாசகமோ படிச்சிடலாமே?

தாராளமாகப் படிக்கலாம். உபதேச நூல் சமைத்து இலையில் வைத்த சாப்பாடு என்றால், சுயசரிதையில் அடுப்படியே தெரியும். எது தீய்ந்தது, எங்கே கை சுட்டது, எத்தனை தடவை உப்பு கூடிப்போனது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஓர் உதாரணம். பரமஹம்ச யோகானந்தர், தம் குரு ஸ்ரீயுக்தேஸ்வரிடம் சீடராக இருந்தபோதே, இமயமலைக்குப் போனால்தான் ஞானம் கிடைக்கும் என்று குருவுக்கு அவ்வளவாக விருப்பமில்லாத ஒரு பயணம் கிளம்பிவிடுகிறார். போன இடத்தில் ஒரு சாது நன்றாக உறைக்கும்படி சொல்லித் திருப்பி அனுப்புகிறார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆசிரமத்துக்கு வருகிறார். திட்டு விழும் என்று காத்திருக்கிறார். குரு சொன்னதோ, வா, சமையலறையில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா பார்ப்போம் என்பதுதான். ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே போய் வந்தவரிடம் பேசுவதுபோல அவ்வளவு இயல்பாக.

“கோபம் கொள்ளாதே” என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சமையலறைக் காட்சி மட்டும் எங்கள் வட்டத்து அக்கா ஒருவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. மகன் ஓர் இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்பியபோது வழக்கமான பாட்டைப் பாடாமல் எழுந்துபோய்ச் சாம்பாரைச் சுடவைத்தாராம். பையன் சாப்பிட்டுக்கொண்டே தானாகப் பேச ஆரம்பித்தானாம். என்ன பேசினான் என்று நாங்கள் கேட்கவில்லை.

எதுல ஆரம்பிக்கிறது? ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க.

ஒன்று சொன்னால் சண்டை வரும். மூன்று சொல்கிறேன்.

தமிழிலேயே எழுதப்பட்டது வேண்டுமென்றால் வேதாத்திரி மகரிஷியின் ‘எனது வாழ்க்கை விளக்கம்’. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், குடும்பஸ்தர், தறியும் கடனும் தொழிலும் தெரிந்தவர். சிறியதாக வேண்டுமென்றால் சுவாமி சிவானந்தரின் சுயசரிதை. அவரைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன். கதைபோல ஓட வேண்டுமென்றால் யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’. ஆனால் அது பருமன். முதல் புத்தகமாக அதை எடுத்துப் பாதியில் வைத்தவர்கள் எங்களில் நாலு பேர், நானும் சேர்த்து.

ரமணரின் சுயசரிதை எங்கே கிடைக்கும் என்றும் கேட்கிறார்கள். அவர் அப்படி ஒன்று எழுதவில்லை. பதினாறு வயதில் மதுரையில் வந்த மரண அனுபவத்தைக்கூட, கேட்டவர்களுக்குச் சொன்னதைப் பிறர் எழுதி வைத்ததுதான். விவேகானந்தருக்கும் கடிதங்கள்தான். 1893இல் சிகாகோ போகும் வழியில் அவர் கப்பல் இங்கே வந்தது. யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தில் பினாங்கைக் கடலோரத்து ஒரு துண்டு நிலம் என்ற அளவில் சொல்லிவிட்டுப் போகிறார். எங்கள் வட்டத்துப் பெரியவர் ஒருவருக்கு இதில் இன்னும் வருத்தம்.

நம்ம நாட்டோட சம்பந்தப்பட்டவங்க யாராச்சும் இருக்காங்களா? எல்லாம் இமயமலை, கங்கைன்னு படிக்க ஒட்ட மாட்டேங்குது.

இருக்கிறார். சிவானந்தர் பத்தமடைக்காரர், பாய்க்குப் பேர்போன அதே பத்தமடை. 1887இல் பிறந்தார், இயற்பெயர் குப்புசாமி. மருத்துவம் படித்தார். திருச்சியில் ‘அம்ப்ரோசியா’ என்று ஒரு மருத்துவ இதழ் நடத்தினார். 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். நெகிரி செம்பிலானில், சிரம்பான் பக்கத்தில் ஒரு தோட்டத்து மருத்துவமனையைப் பார்த்துக்கொண்டார். தனியாக ஒரு மருத்துவமனையைச் சமாளிக்க முடியுமா என்று கேட்டதற்கு, மூன்றைக்கூடச் சமாளிப்பேன் என்றாராம். அப்புறம் ஜொகூர். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா போனார், 1924இல் ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கினார், 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துமலையில் அந்தச் சங்கத்தின் ஆசிரமம் இருக்கிறது.

படிக்கிறவர்கள் பொதுவாக 1924க்குத் தாவிவிடுகிறார்கள். காவி, குகை, கங்கைக் கரை. எனக்கு அந்தப் பத்து வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளிக்கு மருந்து கலக்கிக் கொடுத்த பத்து வருடம். என் தாத்தா காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: மலேரியா, கொக்கிப்புழு, பாம்புக்கடி. அப்படி ஓர் இடத்தில் இரவு கதவைத் தட்டினால் எழுந்து போகிற டாக்டரின் ஒழுங்குதான் பிற்காலத்தில் ஆசிரமத்தை நடத்தியது என்பது என் அபிப்பிராயம். அவர் எழுத்தைப் பாருங்கள். மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கும். இதைச் செய், இத்தனை முறை, இந்த நேரத்தில்.

எனக்குத் தமிழ் வாசிப்பு மெதுவா வரும். தேசியப் பள்ளியில படிச்சேன். இங்கிலீஷ்ல படிச்சா தப்பா?

தப்பே இல்லை. யோகானந்தர் எழுதியதே ஆங்கிலத்தில்தான். தமிழ் மொழிபெயர்ப்புகளில் வடமொழிச் சொல் அடர்த்தி சில இடத்தில் மூச்சு முட்டும், அது உங்கள் குறை அல்ல.

ஒன்று மட்டும் முயன்று பாருங்கள்: பிடித்த ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அதையே தமிழில் வாய்விட்டுப் படியுங்கள். பாட்டியிடம் சொல்வதுபோல. எங்கள் வட்டத்துத் தம்பி ஒருவன் இப்படி ஆரம்பித்து இப்போது பத்திரிகை படிக்கிறான்.

ஐநூறு பக்கம் பார்த்தாலே தூக்கம் வருது. முழுசா படிச்சே ஆகணுமா?

வேண்டாம். வரிசையாகவும் படிக்க வேண்டாம். பெயர்களும் தத்துவ விளக்கங்களும் அடுக்கடுக்காக வரும் அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு, ஆள் பேசுகிற, நடக்கிற, தப்புப் பண்ணுகிற இடங்களைப் படியுங்கள். விட்டதை அடுத்த வருடம் படிக்கலாம்.

அற்புதமெல்லாம் நம்பணுமா? அந்தரத்துல மிதக்கிறார்னு வந்த உடனே மூடி வெச்சிட்டேன்.

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. என் யோகானந்தர் பிரதி சௌராஸ்தா சந்தை மாடியில், பழைய புத்தகக் கடையில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறார். மிதக்கும் மகான் வரும் பக்கத்தில் “பொய்”. சில பக்கம் தள்ளி “மறுபடியுமா?” அதற்கும் பின்னால், பையன் அம்மாவை இழந்த இடத்துக்கு அவர் திரும்பி வந்திருக்கிறார் போல, அங்கே ஒன்றும் எழுதவில்லை, ஒரு கோடு மட்டும், காகிதம் கிழிகிற அளவு அழுத்தி.

அந்த முகம் தெரியாத மனிதர் எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். நம்ப முடியாத இடத்தில் நம்பாமல் இருங்கள், புத்தகம் கோபித்துக்கொள்ளாது. அதற்காக மிச்சத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இன்னொன்று: நினைத்த மாத்திரத்தில் வாசனை வரவழைக்கும் ஒரு சாமியாரைப் பற்றி யோகானந்தர் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். இந்த மாதிரி வித்தை பார்க்கப் பிரமாதம், ஆன்மிகத்துக்குப் பிரயோஜனம் இல்லை என்று அதில் அவரே சொல்கிறார். அற்புதத்துக்காக மட்டும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிப்பவர்களும், அற்புதத்துக்காக மட்டும் மூடி வைப்பவர்களும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புத்தகத்துல இருக்கிற மூச்சுப் பயிற்சியைப் பார்த்துப் பண்ணலாமா?

யோகானந்தர் சொல்லும் கிரியா யோகத்தைக் கேட்கிறீர்கள் என்றால், அந்தப் பயிற்சி முழுதாக அவர் புத்தகத்திலேயே இல்லை. பொதுமக்கள் படிக்கும் நூலில் முழு விளக்கம் தர முடியாது, தெரிந்தவரிடம் நேரில் கற்க வேண்டும் என்று இருபத்தாறாம் அத்தியாயத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே புத்தகத்தைப் பார்த்துச் செய்கிறேன் என்பவர் வேறு எதையோ செய்கிறார். யூடியூபில் மூச்சை அடக்கிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரத்த அழுத்தம் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி. நைட் ஷிப்ட் ஏழு மணிக்குத்தான் முடியும். இவங்க எல்லாம் நாலு மணிக்கு எழுந்திருன்னு சொல்றாங்களே?

சிவானந்தரின் இருபது அறிவுரைகளில் முதலாவதே அதுதான், தினமும் நான்கு மணிக்கு எழுவது. நானும் ஒருமுறை செய்தேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் தூங்கி வழிந்து ஒரு இன்வாய்ஸில் சைபர் ஒன்றை விட்டுவிட்டேன். வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். தியானம் செய்த ஆள் இல்லாத வீடே நன்றாக இருந்தது என்று அவர் சொன்னது நியாயம்.

அறிவுரைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: யாரும் கூப்பிடாத, போன் அடிக்காத கொஞ்ச நேரம். ஷிப்ட் முடிந்து குளித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பதற்கு முன் இருக்கும் பதினைந்து நிமிடம் உங்களுக்கு அந்த நான்கு மணி. தூக்கத்தை வெட்டாதீர்கள், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற உடம்பு அது.

படிச்சு முடிச்சதும் மூணு நாள் பறக்கிற மாதிரி இருக்கு. நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடிதான். என்ன பண்றது?

எல்லோருக்கும் அப்படித்தான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படி ஏறி இறங்கி வந்தால் எப்படி இருக்கும்? இனி ஆளே மாறிவிடுவோம் என்று தோன்றும். அடுத்த வாரம் பாலத்து நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருப்போம்.

எனக்கு உதவியது சிவானந்தரின் ஆன்மிக நாட்குறிப்பு. பேர் பெரிதாக இருக்கிறதே தவிர, அது ஒரு கேள்விப் பட்டியல்தான். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் தூங்கினாய், எத்தனை முறை கோபப்பட்டாய், எத்தனை பொய் சொன்னாய் என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்வார். கணக்கெழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? முதலில் எல்லாக் கேள்விகளையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் விட்டேன். பிறகு ஒன்றே ஒன்று: எத்தனை முறை குரலை உயர்த்தினேன். இரவு படுக்குமுன் ஓர் எண், அவ்வளவுதான். முதல் மாதம் நாளுக்கு ஐந்து, ஆறு. ஏழு மாதம் கழித்து ஒன்று, இரண்டு. சில நாள் மறுபடி ஐந்து, அப்போதெல்லாம் பெரும்பாலும் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாளாக இருக்கும். இதை நான் எந்தப் பரவசத்திலும் கண்டுபிடிக்கவில்லை, எண்ணிக்கையில்தான் கண்டுபிடித்தேன்.

ஆகவே ஒரு புத்தகத்துக்கு ஒரு பழக்கம் மட்டும். இரண்டாவதைத் தொடாதீர்கள்.

நான் இந்து இல்லை. இதெல்லாம் படிக்கலாமா? இல்ல எங்க பக்கத்துல இந்த மாதிரி இருக்கா?

படிப்பது உங்கள் விருப்பம், வற்புறுத்தல் இல்லை. உங்கள் பக்கத்திலும் நிறைய இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு அகஸ்டின் ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார், பேரிக்காய் திருடியதிலிருந்து எல்லாவற்றையும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்தான் இமாம் கஸ்ஸாலியைப் பற்றி எனக்குச் சொன்னார். பாக்தாத்தில் பெரிய பேராசிரியர், மாணவர் கூட்டம், அந்தஸ்து எல்லாம் இருந்தும் உள்ளே ஓர் இழுபறி. 1095இல் ஒரு நாள் பாடம் சொல்ல வாயெடுத்தால் நாக்கு எழவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வைத்தியர்கள் கைவிரித்தார்கள். பதவியை விட்டு ஊரைவிட்டுப் போனார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். வேலை ஒன்று, மனம் ஒன்று என்று இருக்கும் யாருக்கும் அந்தப் பக்கங்கள் புரியும். பாய் இதைச் சொல்லி முடிக்கும்போது என் தே தாரிக் ஆறிப்போயிருந்தது.

வீட்டுல ‘சாமியாராப் போகப் போறியா’ன்னு பயப்படுறாங்க. நானும் வேலையை விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்.

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. வீட்டார் பயப்படுவது புத்தகத்தைப் பார்த்து அல்ல, உங்கள் பேச்சைப் பார்த்து. சாப்பாட்டு மேசையில் மாயை, பந்தம் என்று ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது? படித்ததை வீட்டில் பேசாதீர்கள், ஆறு மாதத்துக்காவது. பாத்திரம் கழுவுங்கள்.

வேலையை விடுவது பற்றி: சிவானந்தர் விட்டார், உண்மைதான். மேலே சொன்ன பத்து வருடத்துக்குப் பிறகு விட்டார், மனைவி மக்கள் இல்லாதவர். வேதாத்திரி குடும்பத்தில் இருந்துகொண்டே செய்தார். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியவருக்கு முடிவு தெரிந்த பிறகு எழுதுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம். விட்டுவிட்டுப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்கள் சுயசரிதை எழுதுவதில்லை.

ஐம்பது வயசுல எழுதுறவருக்கு எட்டு வயசுல பேசினது அப்படியே ஞாபகம் இருக்குமா? அப்புறம் பதிப்புக்குப் பதிப்பு வேறயா இருக்குன்னு சொல்றாங்களே?

இருக்காது, எனக்குப் போன வாரம் பேசியதே நினைவில்லை. யோகானந்தர் 1893இல் பிறந்தவர், புத்தகம் 1946இல் வந்தது. சிறுவயது உரையாடல்களை மேற்கோள் குறிக்குள் பார்த்தால், ‘இப்படித்தான் அவர் மனதில் தங்கியது’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதை ஒருவர் ஐம்பது வருடம் மனதில் வைத்திருந்தார் என்பதும் ஒரு செய்திதான்.

பதிப்பு விஷயம் உண்மை. 1946 முதல் பதிப்பில் நாற்பத்தெட்டு அத்தியாயம். நாற்பத்தொன்பதாவது பிறகு சேர்ந்தது. உள்ளே வாசகங்களும் சில இடங்களில் மாறியிருக்கின்றன. குழுவாகப் படித்தால் எல்லோரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எங்களுக்கு நடந்ததுபோல அரை மணி நேரம் பக்க எண்ணிலேயே போகும்.

எழுதினவரைப் பத்தி பின்னாடி மோசமான செய்தி வந்தா? படிச்சதெல்லாம் வீணா?

ஒருமுறை நாங்கள் படித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றியே அப்படி வந்தது. பேர் வேண்டாம். இரண்டு பேர் வட்டத்தைவிட்டே போய்விட்டார்கள். ஒருவர் செய்தியே பொய் என்று சண்டை போட்டார். நான் இரண்டு வாரம் அந்தப் புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைத்திருந்தேன்.

எனக்குத் தோன்றுவது இது: பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவர் பேச்சை முதலில் கேளுங்கள், புத்தகம் நமக்குப் பிடித்தது என்பதற்காக அவரைப் பொய்யர் ஆக்காதீர்கள். அந்தப் புத்தகத்தால் நீங்கள் பழகிக்கொண்ட பழக்கம் உங்களுடையது, அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் அவர் பேரில் இனி பணம் கட்டுவதும், புதியவர்களை அங்கே அனுப்புவதும் வேறு விஷயம். அதை நான் நிறுத்திவிட்டேன்.

மனசு சரியில்லாம மாத்திரை எடுக்கிறேன். இதைப் படிச்சா மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரிடம் மட்டும் பேச வேண்டியது. கிளினிக் கெசிஹாத்தானிலேயே, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்கிலேயே கேட்கலாம். தூக்கமில்லாமல், யாரோ பேசுவது கேட்கிறது, நானே அவதாரம் என்றெல்லாம் தோன்ற ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிட்டு அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

பி.டி.எஃப். அனுப்புவீங்களா?

சிவானந்தரின் பல நூல்களைச் சங்கமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, சுட்டி தருகிறேன். விற்பனையில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகளை அனுப்ப மாட்டேன். வாங்குங்கள், அல்லது சௌராஸ்தா மாடிக்குப் போய்த் தேடுங்கள்.

கடைசியா ஒண்ணு. புத்தகத்துல கோடு போடலாமா? அம்மா சரஸ்வதிங்கிறாங்க.

அம்மா சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் சின்ன ஒட்டுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். நான் பென்சிலில் போடுகிறேன், தேதியோடு. என் பிரதியில் “பொய்” என்று எழுதியவருக்குப் பக்கத்தில் இப்போது என் எழுத்தும் இருக்கிறது, சில இடத்தில் அவருக்கு ஆமாம் போட்டு. சொந்தப் புத்தகத்தில் மட்டும் செய்யுங்கள். நூலகப் புத்தகம் ஒன்றில் கை பழக்கத்தில் கோடு போட்டுவிட்டு, அழி ரப்பரால் அழிக்கப் போய்ப் பக்கம் கிழிந்து, எட்டு வெள்ளி அபராதம் கட்டியிருக்கிறேன்.